நாடுகடத்தப்பட்ட நிலையில் மார்க்ஸ் வரலாறு எழுதிய நெய்யாற்றின்கரை பத்திரிகையாளர்

நெய்யாற்றின்கரை: கள்ளிக்காடு வழியே மலையிலிருந்து இறங்கி வரும் நெய்யாறு, நெய்யாற்றின்கரை நகரைத் தொட்டுச் செல்கிறது. ஜெர்மன் தத்துவ மரபில் உருவான காரல் மார்க்ஸின் வாழ்க்கையை மலையாளத்தில் முதன்முதலாக நூலாக்கிய ‘சுதேசாபிமானி’ ராமகிருஷ்ண பிள்ளை பிறந்த ஊர் இதுவே. அவர் பிறந்தது 1878 மே 25.

வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905இல் தொடங்கிய ‘சுதேசாபிமானி’ பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை அடுத்த ஆண்டில் பிள்ளை ஏற்றார். திருவிதாங்கூர் அரண்மனையின் செல்வாக்காளர்களையும் திவான் பி.ராஜகோபாலாச்சாரியையும் அவர் எழுத்து விட்டுவைக்கவில்லை. 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது; ஆசிரியர் சமஸ்தானத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆரல்வாய்மொழி எல்லைக்கு அப்பால் காவலர்கள் அவரை விட்டுச் சென்றனர். திருநெல்வேலியே அவருக்கு முதல் புகலிடமாயிற்று. பின்னர் சென்னை, பாலக்காடு, கண்ணூர் என அவர் தங்கிய ஊர்கள் அனைத்தும் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை.

அடுத்த ஆண்டே தாம் நாடுகடத்தப்பட்ட கதையை அவர் நூலாக்கினார். 1912இல் இதழியல் குறித்த ‘விருத்தாந்த பத்திரப்ரவர்த்தனம்’ வெளிவந்தது. மார்க்ஸ் வரலாறும் அதே ஆண்டில்தான் வந்தது. ரஷ்யப் புரட்சிக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. மார்க்ஸைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மார்க்ஸும் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். அவர் நடத்திய ‘ரைனிஷ் சைட்டுங்’ 1843இல் பிரஷ்ய அரசால் ஒடுக்கப்பட்டது. 1849 முதல் இறக்கும் வரை லண்டனில் நாடற்றவராக வாழ்ந்தவர்.

எனினும், 1912இல் உலகம் அறிந்திருந்த மார்க்ஸ் பெரும்பாலும் ‘மூலதனம்’ எழுதிய பொருளியல் அறிஞரே. பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஹெகலின் சீடர்களிடையே வளர்ந்த இளம் மார்க்ஸ் ஏறக்குறைய மறைந்தே இருந்தார். ஹெகலுடன் அவர் நேருக்கு நேர் மோதும் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகள் முழுமையாக அச்சேறியது 1932இல்தான். இன்று மார்க்ஸையும் ஹெகலையும் ஒருசேரப் படிக்கும் ஆய்வாளருக்கு அடிப்படையான அந்த ஏடுகளைப் பிள்ளை பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. இந்நூலை எடைபோடுவோர் இதை மறந்துவிடலாகாது.

மறைக்க முடியாத மற்றொரு பக்கமும் உண்டு. புலையர் குழந்தைகளைப் பள்ளிகளில் சேர்க்க 1910இல் திருவிதாங்கூர் அரசு வழிசெய்தபோது, அவர்களை மற்றச் சாதிக் குழந்தைகளுடன் ஒரே வகுப்பில் அமர்த்துவதைப் பிள்ளை தம் தலையங்கத்தில் எதிர்த்தார். அந்த உரிமைக்காகப் போராடிய அய்யங்காளி பிறந்த வெங்ஙானூரும் இதே நெய்யாற்றின்கரை வட்டத்தில்தான் இருக்கிறது. அரண்மனையின் முறைகேடுகளுக்கு அஞ்சாத பேனா சாதிக்கு முன் தாழ்ந்தது. இரண்டே ஆண்டுகளில் அதே பேனா தொழிலாளர் விடுதலை பேசிய சிந்தனையாளரைப் போற்றி எழுதியது. இந்த முரண் கேரள வரலாற்று விவாதங்களில் இன்றும் தீரவில்லை. நாடுகடத்தலை மட்டும் கொண்டாடி இத்தலையங்கத்தை ஒதுக்கிவிடும் நினைவுக் கட்டுரைகள் பாதி வரலாற்றையே சொல்கின்றன.

1912 மார்ச் மாதத்திலேயே கல்கத்தாவின் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் லாலா ஹர்தயாள் மார்க்ஸ் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தார். ஆனால் அது ஆங்கிலம். இந்திய மொழியொன்றில் வெளிவந்த முதல் மார்க்ஸ் வரலாறு என்ற இடம் பிள்ளையின் நூலுக்கே பொதுவாக அளிக்கப்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே தொகுப்பாகப் பி.சி.ஜோஷியும் கே.தாமோதரனும் 1975இல் ஆங்கிலத்தில் பதிப்பித்தனர். மலையாளம் அறியாத ஆய்வாளர்களுக்கு நூல் எட்டியது அப்போதுதான்.

அந்தப் புகழைக் காணப் பிள்ளை இல்லை. காசநோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. மனைவி பி.கல்யாணி அம்மாள் கண்ணூரில் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், 1916 மார்ச் 28 அன்று, 37ஆம் வயதில் அவர் காலமானார். பையாம்பலம் கடற்கரையில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. நாடுகடத்தப்பட்ட பின் திருவிதாங்கூர் மண்ணை அவர் மீண்டும் மிதிக்கவேயில்லை.