ஊர் மறந்த தொண்டர்

1895-ம் ஆண்டு. சுவிட்சர்லாந்து நாட்டின் கிழக்குக் கோடியில் ஹைடன் என்று ஒரு மலை ஊர். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு கிழவர் தங்கி இருந்தார். வயது 67. நீண்ட வெள்ளைத் தாடி. அதிகமாக வெளியே வரமாட்டார். கடன்காரர்கள் தேடி வந்துவிடுவார்களோ என்ற பயம் அவரை விடவே இல்லை.

பக்கத்து நகரத்துப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் அவரைச் சந்தித்தார். ஆசிரியர் பெயர் ஜார்ஜ் பாம்பர்கர். நீண்ட நேரம் பேசிவிட்டுத் திரும்பிப் போய் ஒரு கட்டுரை எழுதினார். ஐரோப்பா முழுவதும் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. படித்தவர்கள் திகைத்துப் போனார்கள். இந்தக் கிழவர் என்றோ இறந்துவிட்டார் என்றே பலர் நினைத்துக் கொண்டிருந்தார்கள்.

அந்தக் கிழவர்தான் ஹென்றி டூனான்ட். செஞ்சிலுவைச் சங்கம் பிறக்கக் காரணமாக இருந்தவர்.

வியாழக்கிழமைக் கூட்டம்

டூனான்ட் 1828-ம் ஆண்டு மே 8-ந் தேதி ஜெனீவா நகரில் பிறந்தார். வசதியான குடும்பம். தகப்பனார் அனாதைப் பிள்ளைகளுக்கும், சிறையில் இருந்து வெளிவந்தவர்களுக்கும் உதவி செய்து வந்தார். தாயார் ஏழைகளையும் நோயாளிகளையும் கவனித்து வந்தார். பிள்ளைக்கும் அந்தக் குணமே வந்தது.

படிப்பு மட்டும் வரவில்லை. மார்க்கு குறைந்ததால் கல்லூரியை விட்டு வெளியேறினார். பிறகு ஒரு பாங்கியில் வேலை கற்கச் சேர்ந்தார்.

ஆனால் 18 வயதிலேயே தர்மக் கைங்கரியம் செய்யும் சங்கம் ஒன்றில் அவர் உறுப்பினர். மறு ஆண்டு, தன்னைப் போன்ற வாலிபர்களைச் சேர்த்துக்கொண்டு வியாழக்கிழமைச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார். பைபிள் படிப்பார்கள். ஏழைகளுக்கு உதவுவார்கள். ஓய்வு நேரத்தில் டூனான்ட் சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்ப்பார். சம்பளம் கிடையாது. மாலை மரியாதை கிடையாது. நம் ஊர்களிலும் இப்படி ஓடி ஓடி வேலை செய்கிற வாலிபர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அப்படி ஒருவர்தான் அவரும்.

1852-ம் ஆண்டு ஜெனீவாவில் ஒய்.எம்.சி.ஏ. என்ற வாலிபர் சங்கத்தை அவர் ஏற்படுத்தினார். சென்னையிலும் இருக்கிறதே, அதே சங்கம். லண்டனில் 1844-ல் தொடங்கியது. பல நாட்டுக் கிளைகளும் ஒன்று சேரவேண்டும் என்று ஊர் ஊராகக் கடிதம் எழுதினார் டூனான்ட். 1855-ல் பாரீஸ் நகரில் அப்படியே ஒன்று சேர்ந்தார்கள்.

தண்ணீர் தேடிப் போனார்

பாங்கி வேலையாக டூனான்ட் ஆப்பிரிக்காவில் உள்ள அல்ஜீரியாவுக்குப் போனார். அப்போது அது பிரான்சின் ஆட்சியில் இருந்தது. அங்கே நிலம் வாங்கி, கோதுமை விளைத்து, மாவு மில் நடத்தத் திட்டம் போட்டார். தெரிந்தவர்கள் எல்லாம் பணம் போட்டார்கள். ஆனால் நிலத்துக்கும் தண்ணீருக்கும் சர்க்கார் அனுமதி கிடைக்கவில்லை. அதிகாரிகள் இழுத்தடித்தார்கள்.

பிரான்சு சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனையே நேரில் பார்த்துவிடுவது என்று டூனான்ட் கிளம்பினார். சக்கரவர்த்தி அப்போது இத்தாலியில் இருந்தார். ஆஸ்திரியாவோடு யுத்தம். அரசரை மகிழ்விக்க ஒரு புகழ்மாலைப் புத்தகம்கூட எழுதி எடுத்துக்கொண்டு போனார்! சொந்த வேலையாகத்தான் போனார். அதை மறைக்க வேண்டியது இல்லை.

1859-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி. சோல்பெரினோ என்ற இடத்தில் பெரும் சண்டை. இரு பக்கமும் சேர்ந்து சுமார் 3 லட்சம் பேர் மோதினார்கள். பொழுது சாயும்போது செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 40 ஆயிரம் பேர் விழுந்து கிடந்தார்கள்.

அந்த மாலையில்தான் டூனான்ட் அங்கே போய்ச் சேர்ந்தார்.

பக்கத்தில் காஸ்டிலியோன் என்ற சிற்றூர். காயம்பட்டவர்களை வண்டி வண்டியாக அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். வீடுகள் நிறைந்தன. மாதா கோவில்கள் நிறைந்தன. தெருவிலும் வைக்கோலைப் பரப்பிப் படுக்கவைத்தார்கள். டாக்டர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை. ஜூன் மாத வெயில் வேறு.

டூனான்ட் டாக்டர் அல்ல. காயத்துக்குக் கட்டுப் போட்டுப் பழகியவரும் அல்ல. வெள்ளைக் கோடை உடுப்போடு வந்தவர், வந்த காரியத்தை மறந்தார். பெரிய கோவிலில் சுமார் 500 சிப்பாய்கள் கிடந்தார்கள். அங்கே போனார். ஊர்ப் பெண்களைக் கூட்டினார். சிறு பையன்களைக் குடத்தோடு தண்ணீருக்கு ஓடவிட்டார். தன் வண்டிக்காரரைப் பிரெசியா நகருக்கு அனுப்பினார். எலுமிச்சம்பழம், சர்க்கரை, சட்டை, துணி, புகையிலை எல்லாம் சொந்தக் காசில் வந்து இறங்கின.

அந்தப் பெண்களை இங்கே சொல்லாமல் போகக்கூடாது. அவர்கள் ஊரை ஆஸ்திரியர்கள் ஆண்டவர்கள். அந்த ஆஸ்திரியச் சிப்பாய்களும் அடிபட்டுக் கிடந்தார்கள். பெண்கள் பேதம் பார்க்கவில்லை. எல்லாரும் உடன்பிறந்தவர்களே என்று சொல்லிச் சொல்லி, இரு பக்கத்தாருக்கும் ஒன்றுபோலவே தண்ணீரும் கஞ்சியும் கொடுத்தார்கள். டூனான்டுக்குச் சிலை இருக்கிறது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது.

பிடிபட்ட ஆஸ்திரிய டாக்டர்களை விடுவித்து வைத்தியம் பார்க்கவிட வேண்டும் என்று டூனான்ட் கேட்டார். பிரான்சு ராணுவம் சம்மதித்தது.

ஒரு சின்னப் புத்தகம்

ஊர் திரும்பிய பிறகும் அந்தக் காட்சி அவர் கண்ணைவிட்டு அகலவில்லை. 1862-ல் ஒரு புத்தகம் எழுதினார். கைக்காசு போட்டு 1,600 பிரதிகள் அச்சடித்தார். ராஜாக்களுக்கும் மந்திரிகளுக்கும் அனுப்பினார்.

அவர் கேட்டது இதுதான். ஒவ்வொரு நாட்டிலும் தொண்டர் சங்கம் வேண்டும். யுத்தம் வந்தபிறகு ஆள் தேடக்கூடாது. அமைதிக் காலத்திலேயே தொண்டர்களைப் பழக்கி வைக்கவேண்டும். காயம்பட்டவனையும், அவனுக்கு வைத்தியம் செய்பவனையும் யாரும் சுடக்கூடாது. இதற்கு எல்லா நாடுகளும் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும்.

ஜெனீவாவில் பொதுநலச் சங்கம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் குஸ்தாவ் மொய்னியர், வக்கீல். அவர் இந்த யோசனையைக் கையில் எடுத்தார். 1863-ம் ஆண்டு பிப்ரவரியில் 5 பேர் கொண்ட கமிட்டி கூடியது. மொய்னியர், தளபதி டூபோர், அப்பியா, மோனுவார் என்ற இரண்டு டாக்டர்கள், டூனான்ட். செஞ்சிலுவைச் சங்கத்தின் வித்து அந்த ஐவர் கமிட்டிதான்.

1864-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி 12 நாடுகள் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை அதற்கு அடையாளம் ஆயிற்று.

மொய்னியருக்கும் டூனான்டுக்கும் அதற்கு முன்பே ஒத்துப்போகவில்லை. ஒருவர் சட்டம் பார்ப்பவர். மற்றவர் கனவு காண்பவர். வைத்தியம் செய்பவர்களைச் சுடக்கூடாது என்ற யோசனையைக் கமிட்டியைக் கேளாமலே டூனான்ட் பெர்லினில் அச்சிட்டுப் பரப்பினார். நடக்காத காரியம் என்று மொய்னியர் கோபப்பட்டார். ஆனால் நடந்தது.

வீதிக்கு வந்தார்

தொண்டு, தொண்டு என்று அலைந்தவர் மில்லைக் கவனிக்கவில்லை. 1867-ல் எல்லாம் மூழ்கியது. கடன் சுமார் 10 லட்சம் பிராங்கு. அவரை நம்பிப் பணம் போட்டவர்களும் நஷ்டப்பட்டார்கள். மறு ஆண்டு ஜெனீவா கோர்ட்டு அவரைக் குற்றவாளி என்றது. கமிட்டியில் இருந்து அவரை நீக்கினார்கள். அவர் தன் கையால் ஏற்படுத்திய வாலிபர் சங்கமும் அவரை விலக்கியது. பணம் இழந்தவர்கள் கோபம் நியாயமானதே. ஆனால் அவர் செய்த தொண்டையும் சேர்த்து அழித்ததுதான் அநியாயம்.

டூனான்ட் ஜெனீவாவை விட்டுப் போனார். பிறகு ஒருநாளும் திரும்பவில்லை.

பாரீசில் பட்டினி கிடந்தார். ரெயில் நிலையங்களில் படுத்து இரவைக் கழித்தார். கறுப்புக் கோட்டு வெளுத்துப்போன இடத்தில் மையைத் தடவிக்கொள்வார். அழுக்கான சட்டைக் கழுத்துக்குச் சுண்ணாம்புக் கட்டி பூசிக்கொள்வார். உலகம் எங்கும் செஞ்சிலுவைக் கொடி பறந்துகொண்டிருந்த நாட்கள் அவை!

ஊர் ஊராக அலைந்து, 1887-ல் ஹைடனுக்கு வந்தார். அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் சோந்தரெகர் என்பவரும் அவர் மனைவியும் அவரிடம் அன்பு காட்டினார்கள். 1890-ல் அந்த ஆசிரியர் ஹைடனிலேயே செஞ்சிலுவைக் கிளை ஒன்றை ஏற்படுத்தினார். 1892 முதல் டூனான்டுக்கு ஊர் ஆஸ்பத்திரியே வீடு ஆயிற்று. அங்கேதான் பாம்பர்கர் அவரைச் சந்தித்தார்.

தேடி வந்த பரிசு

கட்டுரை வந்ததும் கடிதங்கள் குவிந்தன. ரஷ்யாவின் ராஜமாதா உபகாரச் சம்பளம் அனுப்பினார். 1901-ம் ஆண்டு, முதன் முதலாக நோபல் சமாதானப் பரிசு கொடுத்தார்கள். அதை டூனான்டுக்கும், பிரான்சு நாட்டுப் பாசி என்பவருக்கும் பகிர்ந்து அளித்தார்கள். யுத்தத்தின் கொடுமையைக் குறைத்தவருக்குச் சமாதானப் பரிசா என்று சிலர் தர்க்கம் செய்தார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அவரை விலக்கிய ஜெனீவா கமிட்டியும் வாழ்த்து அனுப்பியது.

பரிசுப் பணம் கடன்காரர்கள் கைக்குப் போகாதபடி, டா என்ற நார்வே நாட்டு டாக்டர் அதை நார்வே பாங்கியிலேயே போட்டு வைத்தார். டூனான்ட் அதில் கை வைக்கவே இல்லை. ஆஸ்பத்திரி அறையிலேயே, எளிய சாப்பாட்டிலேயே காலம் கழித்தார்.

1910-ம் ஆண்டு ஆகஸ்டில் மொய்னியர் இறந்தார். இருவரும் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. அக்டோபர் 30-ந் தேதி டூனான்டும் கண்ணை மூடினார். அவர் விரும்பியபடியே சடங்கு எதுவும் இல்லாமல் சூரிக் நகரில் அடக்கம் செய்தார்கள். அவர் பிறந்த மே 8-ந் தேதிதான் பிற்காலத்தில் உலகச் செஞ்சிலுவை நாள் ஆயிற்று. செஞ்சிலுவை இயக்கத்தின் மிக உயர்ந்த பதக்கமும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

உயில் எழுதி வைத்திருந்தார். பணத்தில் ஒரு பகுதி நார்வே, சுவிட்சர்லாந்து நாட்டுத் தர்ம ஸ்தாபனங்களுக்கு. மீதியில் கடனைத் தீர்க்கவேண்டும். இன்னொரு பகுதி ஹைடன் ஆஸ்பத்திரிக்கு. அந்த வட்டாரத்து ஏழை ஒருவருக்கு அங்கே எப்போதும் ஒரு படுக்கை இலவசமாக இருக்கவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.