விசிறிக்குப் பின்னால் ஒரு டர்பைன்

ஏடிஆர் விமானத்தில் சுழலும் விசிறியைப் பார்த்து, ஏதோ பழைய காலத்து எஞ்சின் என்று நினைத்திருப்பீர்கள். அதைச் சுழற்றுவது டர்பைன். அந்த டர்போபிராப் வகையை முதன்முதலில் ஓட்டிக் காட்டியவர் ஹங்கேரியின் ஜியோர்ஜ் யெந்த்ராஷிக்.

1898-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். அங்கே கான்ஸ் தொழிற்சாலையில் ரயில்களுக்கு டீசல் எஞ்சின் வடிவமைத்துப் பெயர் வாங்கினார். 1940-இல் அவருடைய சிஎஸ்-1 எஞ்சின் ஓடியது. எதிர்பார்த்தது 1,000 குதிரைத்திறன். எரிதலில் கோளாறு இருந்ததால் கிடைத்தது சுமார் 400தான். அதைச் சரிசெய்வதற்குள், போர்க்கால ஹங்கேரி ஜெர்மன் விமானத்தையும் அதன் பிஸ்டன் எஞ்சினையும் தேர்ந்தெடுத்துவிட்டது. வேலை நின்றது. வங்கிக்காரன் கண்ணில் இது நஷ்டக் கணக்கல்ல, பாதியில் மூடிய கணக்கு.

போருக்குப்பின் நாட்டை விட்டு அர்ஜென்டினா போனார், பிறகு லண்டன். 1953-இல் அதே லண்டனிலிருந்து டர்போபிராப் விமானமான வைக்கவுண்ட் வழக்கமான பயணிகள் சேவையைத் தொடங்கியது. மறு ஆண்டு அவர் அங்கேயே காலமானார்.