ராபர்ட் ஹூடின்

சித்திரைத் திங்களில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழாவிற்குப் பண்ணைப்புரத்திலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் மக்கள் திரள் திரளாகச் செல்வர். இத்தகைய திருவிழாக் கூட்டங்களில் செப்பிடு வித்தைக்காரன் ஒரு காசைக் கையில் மூடி, ஊதித் திறந்து, அது மறைந்துவிட்டதெனக் காட்டுவதுண்டு. அதனைக் கண்டு வியந்த சிறுவன் வீடு திரும்பியதும் தானும் முயல்வான். பெருவிரலின் அடிச்சதைக்கும் அதன் எதிர்ப்புறத்துச் சதைக்கும் இடையே காசை இடுக்கிக்கொள்ளும் மறைபொருளை அறிய அரை நாழிகை போதும். ஆயினும் அவன் தங்கையே அதனைக் கண்டுபிடித்துவிடுவாள். கையின் விறைப்பும் கள்ளப் பார்வையும் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். மறைபொருளை அறிதல் வேறு. வித்தை கைவருதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெடுவழியைக் கடந்த ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

பிரான்சு நாட்டில் லுவார் ஆற்றங்கரையில் புளுவா என்னும் நகர் உளது. அங்கே 1805ஆம் ஆண்டில், கடிகாரத் தொழிலாளர் ஒருவரின் மைந்தராகப் பிறந்தவர் யூஜின் ராபர்ட். மகன் சட்டத்துறையில் புகவேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மைந்தரின் உள்ளமோ பற்சக்கரங்களிலேயே நிலைத்தது. இறுதியில் கடிகாரத் தொழிலையே பயின்றார். ஒருநாள் அத்தொழில் பற்றிய நூலொன்றை வாங்கச் சென்றார். கடைக்காரர் தவறுதலாக வேறு நூலைக் கொடுத்துவிட்டார். வீட்டில் பிரித்துப் பார்த்தபோது அதிற் கண்கட்டு வித்தைகளின் விளக்கம் இருக்கக் கண்டதாக அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார்.

அந்நூல் மறைபொருளைக் கூறிற்று. விரல்கள் இயங்கவேண்டிய முறையைக் கூறவில்லை. ஆகவே, கால் ஆணி அகற்றும் தொழிலோடு பந்து வித்தையும் அறிந்திருந்த உள்ளூரார் ஒருவரிடம் பத்துப் பிராங்கு கொடுத்துப் பாடம் கேட்டார். ஒரு திங்களில் நான்கு பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கக் கற்றார். பிறராயின் அத்துடன் நின்றிருப்பர். அவரோ எதிரில் ஒரு நூலை விரித்துவைத்து, பந்துகளை எறிந்துகொண்டே தடையின்றிப் படிக்கப் பழகினார். ஈது வீண் விளையாட்டன்று. காசு ஒளிந்திருக்கும் கையை வித்தைக்காரன் நோக்கினால் பார்ப்போரும் அதனையே நோக்குவர். கை தன் தொழிலைத் தானே செய்யுமாயின், அவன் கண்ணும் பேச்சும் வேறிடம் செல்ல இயலும்.

பின்னர் நாணயத்தைக் கையில் எடுத்தார். தெருவில் நடக்கும்போது கைகளைச் சட்டைப் பைகளுள் இட்டு, எவரும் அறியாவண்ணம் காசைப் பற்றுவதும் விடுவதுமாக இருப்பார். உண்ணும்போதும் ஒரு கை கரண்டியைப் பிடித்திருக்க, மறு கை பயின்றுகொண்டிருக்கும்.

1830இல் ஹூடின் என்னும் பாரிசுக் கடிகாரத் தொழிலாளரின் மகளை மணந்து, அக்குடும்பப் பெயரையும் தம் பெயருடன் இணைத்துக்கொண்டார். 1845 சூலை 3ஆம் நாள் பாரிசில் பாலே ராயல் என்னுமிடத்தில் சிறியதோர் அரங்கைத் திறந்தார். இளமை முதல் பழகிய விரல்களாயினும், முதற் காட்சியில் அச்சம் மேலிட்டது. சொற்கள் விரைந்தோடின, குரல் மங்கிற்று. அரங்கை மூடிவிட எண்ணினார். நண்பர் ஒருவர் அதுவே தக்கது என்று உடன்பட்டார். அவ்வுடன்பாடு அவர் நெஞ்சைச் சுட்டது. மீண்டும் மேடை ஏறினார்; நாளடைவில் பேச்சும் விரல்களைப் போலவே வசப்பட்டது.

மந்திரவாதிகளுக்குரிய நீண்ட அங்கியை விடுத்து, விருந்துக்குச் செல்வோர் அணியும் உடையிலேயே அவர் தோன்றினார். பொருள்களை ஒளிக்க ஏற்ற அங்கியைத் துறந்தது பெருந்துணிவே. அரங்கின் மேலே கண்ணாடிப் பேழையொன்று தொங்கும். அவர் கையிலிருந்து மறையும் வெள்ளி நாணயங்கள் எல்லாரும் காண அப்பேழையுள் ஒலியுடன் தோன்றும். திருவிழாச் சிறுவன் பயிலும் காசு மறைப்பே இதன் முற்பகுதி. பிற்பகுதியோ கடிகாரத் தொழிலாளரின் பொறித்திறன்.

1856இல் பிரெஞ்சு அரசு அவரை அல்சீரியாவிற்கு அனுப்பியது. அந்நாட்டு மக்களைத் தம் வித்தையால் வியக்கவும் அஞ்சவும் செய்தார். அடிமைப்பட்ட நாட்டை அடக்கக் கலையைக் கருவியாக்கிய அச்செயல் நமக்கு உவப்பன்று.

1868இல் தம் கலையின் நுட்பங்களை ஒளியாது நூலாக எழுதி வெளியிட்டார். 1870ஆம் ஆண்டுப் போரில் மைந்தர் ஒருவரை இழந்தார். 1871 சூன் 13ஆம் நாள் தாமும் மறைந்தார். அமெரிக்க வித்தைக்காரர் ஹூடினி தம் பெயரை இவர் பெயரிலிருந்தே அமைத்துக்கொண்டார். பாரிசில் இவர் பெயரால் நடந்த அரங்கினை 1888இல் விலைக்கு வாங்கிய ஜார்ஜ் மெலியே, பின்னாளில் திரைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரானார்.