பேரம் ஒழித்த பெருவணிகர் ஜான் வானமேக்கர்

வணிகவியல் பாடநூல்களில் துறைவாரிப் பண்டகசாலை என்று ஒரு தலைப்பு உண்டு. ஒரே கூரையின் கீழ்ப் பல துறைகள், ஒரே நிர்வாகம், நகரின் நடுவில் இடம், நன்மைகள் இவை, தீமைகள் இவை என்று மனப்பாடம் செய்து தேர்வுத்தாளில் இறக்கிவைத்துவிட்டு மாணவர்களாகிய நாம் மறந்துவிடுகிறோம். அந்த வறண்ட தலைப்புக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் கட்டிய மாளிகையில் 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கடைசிக் கடையும் மூடப்பட்ட செய்தியைப் படித்தபோது, அம்மனிதரைப் பற்றி நம் கல்லூரி மலரில் எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தோன்றியது.

ஜான் வானமேக்கர் என்பது அவர் பெயர். தமிழ்ச் செவிக்கு வானத்தையும் மேகத்தையும் நினைவூட்டும் பெயர்தான்; ஆனால் அவர் பிறந்ததோ செங்கல் சூளையின் புழுதியில். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தின் தென்புற ஓரத்தில் 1838-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் பிறந்தார். தந்தை செங்கல் அறுப்பவர். பள்ளிக்குப் போகுமுன் வெயிலில் காயும் பச்சைக் கற்களைத் திருப்பிப் போடுவது சிறுவன் ஜானின் வேலை. படிப்பு 14 வயதோடு நின்றது. ஒரு புத்தகக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். வாரச் சம்பளம் ஒரு டாலர் 25 சென்ட். பிறகு துணிக்கடைகளில் வேலை பார்த்து விற்பனைக் கலையைக் கற்றார். நெஞ்சில் நோய் வந்து சிறிது காலம் அவ்வேலையை விட நேர்ந்தது. உடல் தேறியபின் ஃபிலடெல்ஃபியா கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் சம்பளம் பெறும் முதல் செயலாளரானார். 1858-இல் பெத்தானி என்ற பெயரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிறு பள்ளி தொடங்கினார். செல்வம் சேர்ந்தபின் தருமத்தின் பக்கம் திரும்பியவர்கள் பலருண்டு. இவர் தொழிலில் தலையெடுக்குமுன்பே அதில் இறங்கியவர். பின்னாளில் இவரது பக்தியே வியாபாரத் தந்திரம் என்று ஏளனம் செய்தவர்கள் இந்த வரிசையைக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

1861-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் மைத்துனர் நேதன் பிரவுனோடு கூட்டுச் சேர்ந்து ஆறாவது தெருவும் மார்க்கெட் தெருவும் கூடும் முனையில் ஓக் ஹால் என்ற ஆடவர் துணிக்கடையைத் திறந்தார். நான்கே நாளில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஊரே கலங்கிக் கிடந்த அந்த வேளையில் புதுக்கடை பிழைக்கும் என்று யாரும் நம்பியிருக்க முடியாது. முதல் நாள் விற்பனை 24 டாலர் 67 சென்ட் என்றும், அதில் 24 டாலரை விளம்பரத்துக்குச் செலவிட்டு, மிச்சத்தை மறுநாள் சில்லறைக்கென்று கல்லாவில் வைத்தார் என்றும் சொல்வார்கள். சீருடை தைத்துத் தரும் வேலை கிடைத்துக் கடை நிமிர்ந்தது. 1868-இல் பிரவுன் மறைந்தார்.

இனி, இவர் செய்த புரட்சிக்கு வருகிறேன். நம் ஊர்ச் சந்தையை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு விலை சொல்வார், பாட்டி அதில் பாதிக்குக் கேட்பார், எழுந்து போவதுபோலப் பாவனை செய்வார், கடைக்காரர் கூப்பிடுவார். பேரம் என்பது சுவையான நாடகம்தான். ஆனால் அந்த நாடகத்தில் வாய்சாமர்த்தியம் உள்ளவர் பிழைப்பார். கூச்சம் உள்ளவரும், ஊருக்குப் புதியவரும், எழுத்தறியாதவரும் ஏமாறுவர். ஒரே துணியை ஒரே நாளில் பணக்காரர் மலிவாகவும் கூலிக்காரர் கூடுதலாகவும் வாங்கிச் செல்லும் அநியாயம் அதில் அடங்கியிருக்கிறது. அக்கால அமெரிக்காவிலும் இதே கதைதான். சரக்கின்மேல் கடைக்காரருக்கு மட்டும் விளங்கும் குறியீட்டில் அடக்க விலை எழுதியிருக்கும். வானமேக்கர் அந்தக் குறியீட்டை அழித்தார். யாவரும் படிக்கும் எண்ணில் விலைச்சீட்டைத் தொங்கவிட்டார். யார் வந்தாலும் அந்த விலைதான்.

நம் கடைத்தெருவில் கறார் விலை என்று பலகை மாட்டுகிறார்களே, அந்தக் கறாரில் சற்றுக் கடுமை தொனிக்கிறது. வானமேக்கரின் கறாரில் ஒரு கனிவு கூடவே வந்தது. வாங்கியவருக்குப் பொருள் பிடிக்காவிட்டால் திரும்பக் கொண்டுவரலாம்; பணம் திரும்பக் கிடைக்கும். விற்ற சரக்கைத் திரும்பப் பெறுவதில்லை என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது விளங்கும். ஒரு நாணயக் குறைவான வாடிக்கையாளர் உடுத்திக் கழித்த சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாலும் கடை நஷ்டத்தைத் தாங்கவேண்டும். தாங்கினார். அந்த நஷ்டத்தைவிட, அஞ்சாமல் உள்ளே நுழைந்த ஆயிரம் பேரால் வந்த இலாபம் பெரிதாக இருந்தது.

இவற்றை முதன்முதலில் கண்டுபிடித்தவர் இவரே என்று சில நூல்கள் எழுதுகின்றன. அது சரியன்று. ஃபிலடெல்ஃபியாவில் வேரூன்றிய குவேக்கர் சமயத்தார் பொய்யுரைக்கு அஞ்சி, நெடுங்காலமாகவே ஒரே விலை சொல்லி விற்றவர்கள். நியூயார்க்கில் ஏ. டி. ஸ்டூவர்ட்டும், பாரிஸில் பான் மார்ஷே கடையை வளர்த்த பூசிக்கோவும் இவருக்கு முன்னோடிகள். சிதறிக் கிடந்த நல்வழக்கங்களை ஒன்றாக்கி, வாக்குறுதியாகச் செய்தித்தாளில் பகிரங்கமாக அச்சிட்டு, அதற்குக் கட்டுப்பட்டு நின்றதே இவருடைய பெருமை. ஜான் பவர்ஸ் என்ற எழுத்தாளரை 1880-இல் அமர்த்தி, அலங்காரச் சொற்கள் இல்லாத எளிய நடையில் உள்ளதை உள்ளபடி எழுதும் விளம்பரங்களை வெளியிட்டார். குறையுள்ள சரக்கு என்றால் குறையையும் எழுதிவிடுவார்கள். வியாபாரமும் நடந்தது!

1875-இல் பென்சில்வேனியா ரயில்வேயின் பழைய சரக்குக் கொட்டகையை வாங்கினார். வாங்கியவுடன் கடை வைக்கவில்லை. மூடி, சாங்கி என்ற இரு நற்செய்தியாளர்களின் கூட்டங்களுக்கு முதலில் அதைக் கொடுத்தார். கூட்டங்கள் முடிந்தபின், 1876-இல் நாட்டின் நூற்றாண்டுப் பொருட்காட்சிக்கு மக்கள் திரண்டுவந்த சமயத்தில் கிராண்ட் டிப்போ என்ற பெயரில் கடை திறந்தார். மறு ஆண்டில் பெண்டிர்க்கான துணிமணிகளும் பிற பொருள்களும் சேர்ந்தன. நடுவில் வட்டமான விற்பனை மேடை. அதைச் சுற்றி 129 மேடைகள். வாங்க வருவோர் உட்கார 1,400 முக்காலிகள். நகரத்துச் சிறு வியாபாரிகள் தங்கள் பிழைப்பு போயிற்றென்று கொதித்தார்கள். அவர்கள் கொதிப்பில் நியாயம் இல்லாமலில்லை. துணிக்காரர் துணி விற்க, தொப்பிக்காரர் தொப்பி விற்க இருந்த தெருவை ஒரே கூரை விழுங்கத் தொடங்கியது அன்றுதான். பாடநூல் தீமைகள் என்று பட்டியலிடும் பகுதியில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

1878-இல் மின்விளக்கு வந்தது. வெடித்துவிடுமோ என்று பலர் அஞ்சினராம். 1879-இல் தொலைபேசி வந்தது. அடுத்த ஆண்டில், காற்றின் விசையால் குழாய்க்குள் ஓடும் சிறு உருளைகளில் பணமும் சில்லறையும் விற்பனை மேடைக்கும் காசாளருக்கும் இடையே பறந்தன.

அரசியலுக்குப் போகாதிருந்தால் அவர் பெயர் இன்னும் மாசற்றிருக்கும். 1888 தேர்தலில் பெஞ்சமின் ஹாரிசனுக்காக வணிகர்களிடம் பெருந்தொகை திரட்டிக் கொடுத்தார்; மறு ஆண்டில் அஞ்சல் துறைத் தலைவரானார். பதவியை விலைக்கு வாங்கிவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. விலைச்சீட்டு இல்லாமல் எதையும் விற்காதவருக்கு இந்த ஒரு கொள்முதலின் விலை மட்டும் வாழ்நாள் முழுவதும் வலித்திருக்கும். எதிர்க்கட்சிக்கு வேண்டிய அஞ்சல் அலுவலர்கள் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டனர். 1890-இல் டால்ஸ்டாயின் ‘குரூட்சர் சொனாட்டா’ நூலை அஞ்சலில் அனுப்பக்கூடாதென்று தடை வந்தது. இவற்றை அவரது அபிமானிகள் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். நான் அப்படிக் கடக்க விரும்பவில்லை.

ஆனால் அதே பதவியில் இருந்துகொண்டுதான் குடியானவனின் வீட்டு வாசலுக்கே கடிதம் கொண்டுபோகும் சேவையைச் சோதித்துப் பார்த்தார். பொட்டல அஞ்சல் வேண்டும், அஞ்சலகச் சேமிப்பு வேண்டும் என்று வாதாடினார். தனியார் சரக்கனுப்பும் கம்பெனிகள் குறுக்கே நின்றன. கிராமத்துக்கு இலவச அஞ்சல் 1896-இலும், சேமிப்பு வங்கி 1911-இலும், பொட்டல அஞ்சல் 1913-இலும் பிறரது காலத்தில் நடைமுறைக்கு வந்தன. அமெரிக்கா நினைவு அஞ்சல்தலைகளை முதன்முதலில் வெளியிட்டதும் இவர் காலத்தில், 1893-இல்தான்.

இனி அந்த மாளிகை. டேனியல் பர்ன்ஹாம் என்ற கட்டடக்கலைஞரின் திட்டப்படி 12 மாடிகள் எழுந்தன. பழைய கொட்டகையில் வியாபாரம் ஒரு நாளும் நிற்காதபடி கட்டம் கட்டமாகக் கட்டினார்கள். 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் குடியரசுத் தலைவர் டாஃப்ட் நேரில் வந்து திறந்துவைத்தார். ஒரு கடைக்கு அந்த மரியாதை! நடுவில் பல மாடி உயரத்துக்குத் திறந்த பளிங்கு முற்றம். அங்கே 2,500 பவுண்டு எடையுள்ள வெண்கலக் கழுகு. 1904 செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில் வைத்திருந்த அக்கழுகு ஜெர்மானியச் சிற்பி ஔகுஸ்ட் கௌல் படைத்தது. நம் மதுரைக்காரர்கள் கோயிலில் பொற்றாமரைக் குளத்தருகே சந்திப்போம் என்பதுபோல, ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கழுகின் அருகே சந்திப்பதென்று பேசிவைத்துக்கொண்டார்கள்.

அதே பொருட்காட்சியில் இருந்த குழாய் ஆர்கன் வாத்தியத்தையும் வாங்கினார்கள். அதைக் கொண்டுவர 13 ரயில் பெட்டிகள் தேவைப்பட்டன. 10,000-க்கு மேற்பட்ட குழல்கள் இருந்தும் அந்தப் பெரிய முற்றத்தை நாதம் நிறைக்கவில்லை என்று கண்டு, கடைக்குள்ளேயே பட்டறை வைத்துப் பெருக்கிக்கொண்டே போனார்கள், 28,000-ஐத் தாண்டியது. இசையில் பெருவிருப்பம் கொண்ட மகன் ராட்மன் இதில் முன்னின்றார். பாரிஸிலிருந்து ஓவியங்களும் நாகரிக உடைகளும் வந்து இறங்கின. ஒன்பதாம் மாடியில் கிரிஸ்டல் டீ ரூம் என்ற உணவகம். செல்வச் சீமாட்டிகளின் கடைதான் அது, ஐயமில்லை. ஆயினும் வாசலில் நுழைவுச்சீட்டு கேட்டவர் இல்லை. ஒரு காசுக்கும் வாங்காமல், ஆலைத் தொழிலாளி ஒருவர் தன் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துவந்து, கழுகினடியில் நின்று இசை கேட்டுவிட்டுப் போகலாம். அரண்மனைக்குள் நிற்கும் அந்த உரிமையைத்தான் வானமேக்கர் தம் நகரத்துக்கு விலைச்சீட்டு இல்லாமல் கொடுத்தார் என்று நான் கருதுகிறேன்.

நமக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த டேவிட் மெக்கானகி 1890-இல் சென்னையில் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தைத் தொடங்கினார். உயர்நீதிமன்றத்துக்கு எதிரே எஸ்பிளனேடில் அச்சங்கத்துக்கு எழுந்த அழகிய கட்டடம் வானமேக்கரின் நன்கொடையால் எழுந்தது. கடல் கடந்து ஒரு முறையும் பார்த்திராத இளைஞர்களுக்காக, எடுபிடிப் பையனாக வாழ்வைத் தொடங்கியவர் கொடுத்த பணம் அது. பாரிமுனையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1922-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் தமது 84-ஆம் வயதில் அவர் காலமானார். மறு ஆண்டில் நகர மண்டபத்தருகே சிலை வைத்தார்கள். 1928-இல் ராட்மனும் போனார். நியூயார்க் கிளை 1954-இல் மூடப்பட்டது. புறநகர்களில் அங்காடி வளாகங்கள் பெருகின. கார் வைத்திருப்போர் நகரத்துக்குள் வருவதைக் குறைத்தனர். 1978-இல் குடும்பத்தார் கடையை விற்றனர். கைமாறிக் கைமாறி 1995-இல் வானமேக்கர் என்ற பெயரே வாசலிலிருந்து இறங்கியது. அடுத்தடுத்து வேறு பெயர்கள். கடைசியாக 2006 முதல் மேசிஸ். அதுவும் 2025 மார்ச்சில் கதவைச் சாத்தியது. மூடுவதற்கு முந்தைய நாள்களில் மக்கள் வந்து குவிந்தார்கள். சாமான் வாங்கவந்தவர்களைவிட, கழுகின் அருகே நின்று ஆர்கன் இசையை இன்னொரு முறை கேட்க வந்தவர்களே முற்றத்தை நிறைத்தார்கள்.