நாவில் வாழ்ந்த நூல்: அன்னா அக்மத்தோவா

முற்றதிகாரம் கொண்ட அரசு கலைஞனிடம் இரண்டை வேண்டும். ஒன்று மௌனம், மற்றொன்று புகழ்மொழி. இவ்விரண்டையும் மாறி மாறி வேண்டிய ஓர் அரசின்கீழ் வாழ்ந்து, கவிதையைக் காத்தவர் உருசியக் கவிஞர் அன்னா அக்மத்தோவா.

1889ஆம் ஆண்டு, கருங்கடற்கரை நகரான ஒதெசாவுக்கு அருகில் அவர் பிறந்தார். இயற்பெயர் அன்னா கொரென்கோ. மகள் கவிதை எழுதுவது குடிப்பெயருக்கு இழுக்கெனத் தந்தை கருதியமையால், தாய்வழி முன்னோர் பெயரைப் புனைபெயராக ஏற்றார். 1912இல் ‘மாலைப்பொழுது’, 1914இல் ‘செபமாலை’ ஆகிய தொகுதிகள் வெளிவந்தன. காதலின் வலியை மிகையற்ற சொற்களில் கூறிய அவை அவரை நாடறியச் செய்தன.

1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் நண்பர் பலர் நாட்டை விட்டு நீங்கினர், அவர் நீங்கவில்லை. 1921இல் அவருடைய முன்னாள் கணவரும் கவிஞருமான நிக்கோலாய் குமிலியோவ், சதிக்குற்றம் சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1920களின் நடுப்பகுதி தொடங்கி 1940 வரை அக்மத்தோவாவின் புதிய தொகுதி எதுவும் வெளிவரவில்லை. இதற்கெனத் தடையாணை ஒன்றை நாடறிய அறிவிக்க வேண்டிய தேவையும் அரசுக்கு இல்லை. காகிதமும் அச்சகமும் இதழ்களும் அதன் கையில் இருந்தமையால், பதிப்பாளர்களின் வாய்மூடலே போதுமானதாயிற்று.

1938இல் மகன் லெவ் மீண்டும் கைது செய்யப்பட்டார். பதினேழு மாதங்கள் லெனின்கிராட் சிறைவாயில்களில் நின்ற பெண்களின் வரிசையில் அன்னையும் நின்றார். அந்நாள்களில் உருப்பெற்றதே ‘இரங்கற்பா’ என்னும் கவிதைத்தொடர். அதனை ஏட்டில் வைத்திருத்தல் உயிருக்கே தீங்காகும். எனவே, சுவருக்கும் காதுண்டு என அஞ்சி, வாய் பொதுச்செய்தி பேச, கை தாள்துண்டில் கவிதை எழுதும். எழுத்தாளர் லிதியா சுக்கோவ்ஸ்கயா போன்ற நம்பிக்கைக்குரிய தோழியர் அதனைப் படித்து மனத்தில் பதித்துக்கொள்வர். உடனே தாள் தீக்கிரையாகும். விரல்விட்டு எண்ணத்தக்க சிலரின் நினைவே அந்நூலின் பதிப்பகமாயிற்று.

1941இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது அரசுக்கு அவர் குரல் தேவைப்பட்டது. லெனின்கிராட் வானொலியில் நகரப் பெண்களை நோக்கி உரையாற்றினார். பின்னர் தாஷ்கண்டுக்கு அனுப்பப்பட்டார். 1942இல் ‘துணிவு’ என்னும் அவரது கவிதையைக் கட்சி நாளேடான ‘பிராவ்தா’வே வெளியிட்டது. போர் முடிந்தது, தேவையும் முடிந்தது. 1946 ஆகஸ்டில் கட்சியின் மையக்குழு, அவரையும் நகைச்சுவை எழுத்தாளர் சோஷ்சென்கோவையும் வெளியிட்ட இதழ்களைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. பண்பாட்டுத்துறையை ஆட்டிவைத்த ஜ்தானோவ் இழிசொற்களால் அவரைச் சாடினார். எழுத்தாளர் சங்கத்திலிருந்து இருவரும் நீக்கப்பட்டனர். அந்நீக்கம், உணவுப் பங்கீட்டு அட்டையையும் இழப்பதாகும். அச்சான நூலும் அழிக்கப்பட்டது.

1949இல் லெவ் மறுபடியும் சிறைப்பட்டார். மகனை மீட்கும் நோக்குடன், ஸ்டாலினைப் போற்றும் பாடல்களை அக்மத்தோவா எழுதினார். 1950இல் அவை ‘ஓகோன்யோக்’ இதழில் வெளிவந்தன. ஆயினும் ஸ்டாலின் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1956இல்தான் மகன் விடுதலை பெற்றார். அப்பாடல்களைத் தம் தொகுதிகளில் சேர்க்க அவர் விரும்பவில்லை. அவற்றைக் கவிஞரின் வீழ்ச்சி எனத் தூற்றுவாரும் உண்டு. பிள்ளையைப் பிணையாக வைத்துப் பெற்ற புகழ்மொழியில், பாடியவரின் நாணத்தினும் பாடச்செய்த அரசின் நாணமே பெரிது. தாள்மீது ஆட்சி செலுத்திய அவ்வரசு பெற்றது உயிரற்ற சொற்களை மட்டுமே. உயிருள்ள சொற்களோ தாளின்றித் தோழியரின் நெஞ்சில் வாழ்ந்தன.

‘இரங்கற்பா’ 1963இல் மியூனிச் நகரில் முதன்முதலாக நூலுருப் பெற்றது. 1965இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1966 மார்ச் 5ஆம் நாள் அவர் மறைந்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்டாலின் இறந்ததும் அதே நாளில்தான். 1987இல் ‘இரங்கற்பா’ சோவியத் நாட்டில் அச்சேறியது. மறு ஆண்டே 1946ஆம் ஆண்டுத் தீர்மானத்தைக் கட்சி திரும்பப் பெற்றது.

தமக்குச் சிலை எழுப்புவதாயின், தாம் காத்து நின்ற சிறைவாயிலிலேயே எழுப்புக என்பது அக்கவிதையில் அவர் விடுத்த வேண்டுகோள். 2006இல், நேவா ஆற்றங்கரையில் கிரெஸ்தி சிறைச்சாலையை நோக்கி அவர் சிலை நிறுவப்பட்டது.