புன்னைக்காயலில் குடியேறிய அண்டிரிக் அடிகளார்

ஒரே கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கேட்டுப் பழகிய திருத்தணி மக்களாகிய நமக்கு, பாஷை தெரியாத ஊரில் குடியேறுவோர் படும் பாடு புதிதல்ல. கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் அப்பாடு பட்டவர் அண்டிரிக் அடிகளார்.

1520-இல் போர்த்துக்கல் நாட்டில் பிறந்தார். யூத வம்சத்தார் என்பதால் பிரான்சிஸ்கன் சபையில் நிலைக்க முடியவில்லை. சேசு சபை ஏற்றுக்கொண்டது. 1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் பரதவ மக்களிடையே தங்கினார்.

முதலில் எல்லாம் துபாசி வழியாகத்தான். ஞாயிறு பிரசங்கத்தை அப்படி ஒப்பேற்றிவிடலாம். பாவசங்கீர்த்தனத்தில் மூன்றாமவர் நிற்கலாமோ? குருக்களாகிய நாம் அவர் தவிப்பை நன்கு உணர்வோம். இரவு பகலாகத் தமிழ் படித்தார். வினைச்சொற்களை லத்தீன் இலக்கணத்தோடு ஒப்பிட்டு வகைப்படுத்தினார். (குருமடத்தில் லத்தீன் வாய்பாடு ஒப்பித்து அடி வாங்கிய நமக்கு அது தோன்றவில்லை!) சில மாதங்களில் துபாசியின்றிப் பேசினார், பிறர் கற்கத் தமிழ் இலக்கணமும் எழுதினார்.

1549-இல் வேதாளையில் அந்தோனி கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டபின் தலைமைப் பொறுப்பு இவர்மேல் விழுந்தது. புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு மருத்துவமனை நடத்தினார்.

1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சேறிய இவருடைய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. 1586-இல் 'அடியார் வரலாறு' வெளிவந்தது.

தாய்நாடு திரும்பவேயில்லை. 1600-இல் புன்னைக்காயலிலேயே உயிர் நீத்தார். தூத்துக்குடி மாதா கோவிலில் அடக்கம் செய்தனர்.