ஆலைத் தொழிலாளரின் மூத்த சகோதரி அனசூயா சாராபாய்

மகாபிரஜாபதி கௌதமியாரையும் அவருடன் வந்த மாதர்களையும் சங்கத்தில் ஏற்றருளியவர் பகவான் புத்தர். அவர்தம் வழி நிற்கும் நாம், பெண்குலத்தின் உயர்வுக்குப் பாடுபட்டோர் எச்சமயத்தினராயினும் அன்னாரைப் போற்றக் கடமைப்பட்டுள்ளோம். அத்தகையோருள் ஒருவர் ஆமதாபாத் நகரத்து அனசூயா சாராபாய் அம்மையார். பஞ்சாலையில் உழைத்துப் பின்னர் தம்மப் பணிக்கு வந்த நமக்கு அவருடைய வரலாறு மிகவும் நெருக்கமானது.

அம்மையார் 1885 ஆம் ஆண்டில், ஆலை நடத்தும் செல்வச் சமணக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். 13 ஆம் வயதில் அவருக்கு மணம் முடித்து வைத்தனர். அவ்வாழ்வு நிலைக்காமையால் பிறந்தகம் திரும்பினார். கணவனைப் பிரிந்த பெண்ணுக்கு வீட்டின் ஒரு மூலையே போதும் என்று உலகம் எண்ணிய காலம் அது. அம்மையாரோ, தம்பி அம்பாலாலின் உதவியால் 1912 இல் இங்கிலாந்து சென்றார். மருத்துவம் கற்பதே நோக்கம். ஆனால் பாடத்திற்காகப் பிராணிகளை அறுப்பது கொல்லாமை நெறியில் வளர்ந்த உள்ளத்திற்கு ஒவ்வவில்லை. ஆகவே லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார். அந்நாளில் அங்கே பெண்கள் வாக்குரிமை கேட்டு வீதியில் இறங்கிப் போராடிக் கொண்டிருந்தனர். அவ்வெழுச்சி அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

1913 இல் தாயகம் திரும்பிய அம்மையார் ஏழைக் குழந்தைகளுக்காகப் பள்ளி நடத்தினார். ஒருநாள் காலை, ஆலையிலிருந்து பெண்கள் சிலர் உணர்விழந்தவர் போல நடந்து வருவதைக் கண்டார். விசாரித்தபோது, இரண்டு இரவும் ஒரு பகலுமாக 36 மணி நேரம் ஓய்வின்றி வேலை செய்துவிட்டு வருவதாகக் கூறினர். ஆலையின் சங்கொலிக்கு எழுந்து ஓடியவர்க்கு இச்சோர்வின் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை. தம் குடும்பத்துச் செல்வம் எங்கிருந்து வருகிறது என்பதை அன்று அம்மையார் கண்டார். துக்கத்தைக் கண்டவர் அதன் காரணத்தை நாடினார்.

பிளேக் நோய்க்கு அஞ்சித் தொழிலாளர் ஊரை விட்டு ஓடாதிருக்க, 1917 இல் முதலாளிகள் கூலியோடு சேர்த்துத் தனிப்படி கொடுத்தனர். நோய் தணிந்ததும் அதை நிறுத்த முற்பட்டனர். விலைவாசியோ ஏறி நின்றது. 1918 பிப்ரவரியில் ஆலைக் கதவுகள் மூடப்பட்டன. நூற்றுக்கு 35 வீதம் கூலி உயர்வு வேண்டும் என்று தொழிலாளர் நின்றனர். 20க்கு மேல் தரமாட்டோம் என்றனர் முதலாளிகள். காந்தியடிகள் தொழிலாளர்க்கு வழிகாட்டினார். அம்மையார் உடன் நின்றார். எதிர்ப்பக்கத்தில் முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவர் யார்? அவரை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்த அதே தம்பி அம்பாலால்! சபர்மதிக் கரையில் கருவேல மரத்தடியில் நாள்தோறும் கூட்டம் நடந்தது. பசியால் உறுதி தளர்ந்தபோது காந்தியடிகள் மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்தார். மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. நடுவர் தீர்ப்பு 35 வீதத்தையே உறுதி செய்தது. தம்பியை அம்மையார் வெறுக்கவில்லை. அவர் பொருட்டுத் தொழிலாளரைக் கைவிடவும் இல்லை. மைத்திரி என்பது அநீதிக்கு இணங்கிப் போவதன்று என்பதற்கு இதுவே சான்று.

1920 இல் மஜூர் மகாஜன் சங்கம் நிறுவப்பட்டது. ஆண்கள் நிறைந்த ஆலைத் தொழிலாளர் சங்கத்திற்கு ஒரு பெண்மணி தலைவியானது அந்நாளில் புதுமையிலும் புதுமை. தொழிலாளர் அவரை மோட்டாபென், அதாவது மூத்த சகோதரி, என்று அழைத்தனர். 1927 இல் அவர்களுடைய பெண்மக்களின் கல்விக்காகக் கன்யாகிருஹம் என்னும் நிலையத்தைத் தொடங்கினார்.

ஆயினும் நாம் மறைக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. ஆமதாபாத் ஆலைகளில் தாழ்த்தப்பட்டோர் பெரும்பாலும் நூற்புப் பிரிவிலேயே இருந்தனர். கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் அவர்க்கு இடமில்லை. நாடாவின் கண்ணில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும். தீண்டப்படாதவர் வாய்பட்ட நாடாவைத் தொடமாட்டோம் என்பது மற்றவர் கூற்று. கூலிக்காக ஒன்றுபட்ட தொழிலாளரும் இத்தடையைத் தகர்க்கவில்லை. பம்பாயில் 1928 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவில் நம்மவர்க்கும் இடம் வேண்டும் என்று வற்புறுத்தியவர் பாபாசாகேப் அம்பேத்கர். அவ்வாண்டிலேயே பம்பாய்ச் சட்டசபையில், ஆலைப் பெண்களுக்கு மகப்பேற்றுக் கால உதவி வழங்கும் மசோதாவை ஆதரித்துப் பேசியவரும் அவரே. அம்மையார் கூலியின் கதவைத் தட்டினார். சாதியின் கதவை நாமே திறக்க வேண்டியிருந்தது.

அம்மையார் 1972 இல் மறைந்தார். அதே ஆண்டில், அச்சங்கத்தின் மகளிர் பிரிவில் பணியாற்றிய இலா பட் அம்மையார், ஆலைக்கு வெளியே உழைக்கும் ஏழைப் பெண்களுக்காகச் சேவா சங்கத்தை அமைத்தார். ஒருவர் ஏற்றிய விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு எரிந்தது.

தாய்மார்களே, சகோதரிகளே! விஹாரையில் மலர் வைத்து வணங்குவதோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. பெண்மக்களைப் பள்ளியிலிருந்து இடையில் நிறுத்தாதீர்கள். தொழிற்சங்கத்திலும் நம் சங்கத்திலும் உறுப்பினராகுங்கள். பொறுப்புகளையும் கேட்டுப் பெறுங்கள். ஆடவரே, அவர்கள் அமர இடம் விடுங்கள். அனைவர்க்கும் நலம் பெருகுக!